பாராமகால்: காணாமப் போன நம்ம மாவட்டம்

ஓசூர் வண்டின்னா டி.என். 70, கிருஷ்ணகிரி வண்டின்னா டி.என். 24. ஒரே மாவட்டம், ரெண்டு நம்பர். ஜெர்மனியில சின்ன மாவட்டங்களைப் பெரிய மாவட்டங்களோட சேர்த்தப்போ, நம்பர் பிளேட்ல இருந்த பழைய ஊர் எழுத்துகளும் போயிடுச்சு. 2012-ல விதியை மாத்தி, வேணும்னா பழைய எழுத்தைத் திரும்ப வாங்கிக்கலாம்னு சொன்னாங்க. நிறைய பேர் ஆசையா வாங்கி மாட்டிக்கிட்டாங்க. நமக்கும் அப்படி ஒரு காணாமப் போன மாவட்டம் இருக்கு. பேரு பாராமகால்.

'பாரா'ன்னா பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகள் இருந்த சீமைன்னு சொல்வாங்க. எந்தப் பன்னிரண்டுன்னு கேட்டா, ஆளுக்கொரு பட்டியல் வரும். ஆனா முகலாயர் காலக் கணக்குல 'மகால்'ங்கறதுக்கு வரி வசூல் பண்ற பகுதின்னும் ஒரு அர்த்தம் உண்டு. எனக்கு இதுதான் பொருத்தமா படுது. ஏன்னா, இந்தக் கதையே வரியைப் பத்தினதுதான்.

மூணாவது மைசூர் போர் முடிஞ்சு, 1792 மார்ச்ல ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம் ஆச்சு. திப்பு சுல்தான் தன் ராஜ்ஜியத்துல பாதியைக் கொடுக்க வேண்டி வந்தது. அதுல பாராமகாலும் சேலமும் கம்பெனிக்குப் போச்சு. ஆனா ஓசூர் போகல. அதை 1791-லயே கம்பெனிப் படை பிடிச்சிருந்தும், ஒப்பந்தப்படி திப்பு பக்கமே இருந்தது. அதாவது, ஏழு வருஷம் கிருஷ்ணகிரி ஒரு நாடு, ஓசூர் இன்னொரு நாடு. இன்னைக்கு ஜூஜூவாடியில இருக்கிற எல்லை, அன்னைக்கு சூளகிரி, ராயக்கோட்டைப் பக்கம் மலை ஏறுற இடத்துல இருந்தது. கிருஷ்ணகிரியில பஸ் ஏறி ஓசூர்ல இறங்கும்போது காத்து சில்லுன்னு மாறுதுல்ல, கிட்டத்தட்ட அந்த மேடுதான் எல்லை. 1799-ல ஜெனரல் ஹாரிஸோட படை ராயக்கோட்டை வழியாத்தான் மைசூருக்குள்ள போச்சு. மே 4-ஆம் தேதி திப்பு இறந்தார். அதுக்கப்புறம்தான் ஓசூரும் கம்பெனி கைக்கு வந்தது.

நடுவுல அந்த ஏழு வருஷத்துல பாராமகால்ல நடந்ததுதான் முக்கியம். கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் இந்தச் சீமையை சிவில் அதிகாரிகள்கிட்ட கொடுக்கல. உள்ளூர் பாஷை தெரிஞ்ச ராணுவ ஆட்களா பாத்துப் போட்டார். போர்ல அவருக்கு உளவுத்துறை நடத்தின கேப்டன் அலெக்சாண்டர் ரீடுதான் கலெக்டர். அவர் தலைமையிடம் திருப்பத்தூர். உதவியாளர்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல சிலையா இருக்காரே, அவரேதான்.

வங்காளத்துல 1793-ல ஜமீன்தார்கிட்ட மொத்தமா வரி வாங்கிக்கிற ஏற்பாட்டை நிரந்தரமாக்கிட்டாங்க. இங்க ரீடும் மன்றோவும் வேற வழியில போனாங்க. ஒவ்வொரு வயலா அளந்து, இது யார் நிலம், என்ன மண்ணு, எவ்வளவு வரின்னு விவசாயி பேர்லயே எழுதினாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஒரு விவசாயிக்கு ஒரு என்ட்ரி. நடுவுல ஆள் கிடையாது. 1796-ல ரீடு இன்னொண்ணும் சொன்னார்: வருஷா வருஷம் எந்த நிலத்தை வெச்சுக்கிறது, எதை விடறதுன்னு விவசாயியே முடிவு பண்ணலாம். ரயத்துவாரின்னு ஸ்கூல்ல ரெண்டு மார்க்குக்குப் படிச்சோமே, அதோட ஆரம்பம் இங்கதான்.

இதைக் கருணைன்னு நினைச்சுடாதீங்க. ஜமீன்தார் எடுத்துக்கிட்டதை நேரா நாமளே எடுத்துக்கலாம்ங்கிற கணக்கும் இதுல இருக்கு. வரியும் கடுமை. மன்றோ பின்னாடி கடப்பை, பெல்லாரி பக்கம் வேலை பாத்தப்போ, வரியை 25 சதவீதம் குறைக்கணும்னு 1807-ல எழுதினார். மேலிடம் அப்போ கேக்கல.

அவங்க ரெண்டு பேரும் போனதும் கம்பெனி மனசு மாறிடுச்சு. 1802-லருந்து சேலம் சீமையைத் துண்டு துண்டாக்கி, ஏலம் விட்டு, 'மிட்டா'ன்னு பேர் வெச்சாங்க. ஏலம் எடுத்தவங்க மிட்டாதார்கள். அவங்கள்ல நிறைய பேரால வரியைக் கட்ட முடியல, மிட்டா திரும்ப ஏலத்துக்கு வந்தது. மன்றோ 1820-ல சென்னை கவர்னரா வந்த சமயத்துல, ரயத்துவாரிதான் பொது முறையா ஆச்சு.

பாராமகால்ங்கிற பேரு சேலம் ஜில்லாவுக்குள்ள கரைஞ்சுடுச்சு. திருப்பத்தூர் 1911-ல வட ஆற்காட்டுக்குப் போச்சு. 1965-ல தர்மபுரி பிரிஞ்சது, 2004-ல கிருஷ்ணகிரி. திருப்பத்தூர் 2019-ல தனி மாவட்டம்.

பேரு போச்சு, கணக்கு போகல. இன்னைக்கும் வருஷா வருஷம் தாலுக்கா ஆபீஸ்ல ஜமாபந்தி நடக்குது. 1970-கள்ல ஓசூர்ல சிப்காட் வந்ததுலருந்து நிலம் எடுக்கும்போதெல்லாம் முதல்ல கேக்கறது பட்டா யார் பேர்லன்னுதான். பேர் இருந்தவங்களுக்கு இழப்பீடு. தலைமுறையா உழுதும் பேர் ஏறாதவங்க வெறுங்கையோட நிக்கறதை இப்பவும் பாக்கறோம். 'நடுவுல ஆள் இல்லை'ன்னு ஆரம்பிச்ச பதிவேடு, வரி கட்டறவர் யாருன்னுதான் கேட்டது. கூலிக்கு உழைச்சவரைக் கேக்கவே இல்லை.

உங்க வீட்டுப் பெட்டியில 'சேலம் ஜில்லா, ஓசூர் தாலுக்கா'ன்னு போட்ட பழைய பத்திரம் இருந்தா, சர்வே நம்பரை மறைச்சுட்டு ஒரு போட்டோ அனுப்புங்க. 'மிட்டா'ங்கிற வார்த்தை இருந்தா கண்டிப்பா அனுப்புங்க.