மண்ணும் சாட்சி சொல்லும்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை அருகே, வைப்பாற்றின் வடகரையிலுள்ள விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அகழாய்வில் மண்ணை அடுக்கடுக்காகச் செதுக்கி, ஒவ்வொரு பொருளும் கிடைத்த ஆழத்தைக் குறித்து வைப்பார்கள். உலோகங்காட்டும் கருவியோடு வெள்ளிக்காசு தேடித் திரிவோர்க்கு இந்தப் பொறுமை ஏது? காசை எடுப்பார்கள், அதன் காலத்தைச் சொல்லும் மண்ணடுக்கைக் கலைத்துவிடுவார்கள்.

14ஆம் நூற்றாண்டு மதுரை சுல்தான்களின் வரிசையை நாம் அறிய, அவர்தம் காசுகளில் பொறித்த பெயர்களும் ஹிஜ்ரி ஆண்டுகளும் பெருந்துணை. எழுத்தின்றி முத்திரை மட்டுமே குத்திய பழைய வெள்ளிக்காசுக்கோ, கிடந்த மண்ணே சாட்சி.

பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, வருந்தலைமுறைக்குரிய அமானிதம் என்றெண்ணியே நாம் அதனை ஒப்படைப்போமாக.