யாழ்ப்பாணத்துக்குப் பட்ட கடன்

ஊழியப் பயணக் குறிப்புகள் கூட்டங்களையே எண்ணும். இடைப்பட்ட ஓய்வுநாள்களை எண்ணா. ஆயினும் வரலாறு சில வேளைகளில் மேடைக்கு வெளியேதான் திரும்புகிறது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக யாழ்ப்பாணம் சென்றார். போதிக்கச் சென்றவர் கற்றுத் திரும்பினார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தப் பொருளில் கடலுக்கு இக்கரையில் ஊழியம் நடத்திவந்தனர். திருநெல்வேலித் திருச்சபைக்கு அது ஏன் கூடவில்லை என்னும் வினா அவரை உறுத்தியது.

1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதன் களமாக அமைந்தது ஐதராபாத் நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல். 1909இல் அசரியாவே அங்குக் குடியேறினார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

நிஜாம் நாட்டுத் திருச்சபை வரலாற்றை மேலைநாட்டார் கதையாக மட்டும் எழுதுவோர், இந்த யாழ்ப்பாணக் கடனை மறந்துவிடுகின்றனர்.