அகத்தியமலைக் காணிகளின் வேளாண்மையும் நிலவுரிமையும்

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில் அமைந்த அகத்தியமலை உயிரினப் பன்மையால் சிறந்தது. 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் இடம்பெற்றது. இம்மலையின் தொல்குடியினர் காணிகள் அல்லது காணிக்காரர் எனப்படுவர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சினர். ‘காணி’ என்னும் சொல் தமிழ்க் கல்வெட்டுகளில் வழிவழி நிலவுரிமையைக் குறிக்கும். குடிப்பெயரின் பிறப்பு எதுவாயினும், நிலவுரிமையே இம்மக்கள் வரலாற்றின் தீராச் சிக்கலாக விளங்குகின்றது.

புனத்திலிருந்து தோட்டத்திற்கு

காணிகளின் பழைய வேளாண்மை புனவேளாண்மையாகும். மூட்டுக்காணி எனப்படும் தலைவரின்கீழ்க் காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து நெல், கேழ்வரகு, மரவள்ளி, வாழை முதலியன பயிரிட்டனர். சில ஆண்டுகளில் வேறிடம் பெயர, விடப்பட்ட நிலம் மீண்டும் காடாகியது. யானைக்கு அஞ்சி மரங்களின்மேல் ஏறுமாடம் அமைத்துக் காவல் புரிந்தனர்.

கொல்லம் 1068ஆம் ஆண்டின் (கி.பி. 1893) திருவிதாங்கூர் வனச்சட்டம் ஒதுக்குக் காடுகள்மீது அரசின் பிடியை இறுக்கியது. இடம்பெயர்தல் தடைப்படவே காணிகள் ஓரிடத்தில் நிலைத்தனர். மிளகு, கமுகு, தென்னை, மரவள்ளி ஆகியவற்றை மரநிழலில் கலந்து வளர்க்கும் தோட்டமுறை இவ்வாறு வலுப்பெற்றது. பின்னர் ரப்பரும் புகுந்தது.

ஆரோக்கியப்பச்சை

1987இல் அகத்தியமலையில் ஆய்வு மேற்கொண்ட அறிவியலாளர், உடன்வந்த காணிகள் ஒரு செடியின் கனியை உண்டு களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். ஓடைக்கரை நிழலில் வளரும் ஆரோக்கியப்பச்சையே அது. பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இதனுடன் அசுவகந்தி, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 இலட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காட்டு உரிமப்பங்குக்கும் ஏழாண்டு உரிமம் வழங்கப்பட்டது. இவற்றில் பாதி காணிகளுக்கு உரியது. இதற்கென 1997இல் அறக்கட்டளை பதிவாயிற்று.

ஆயினும் மருந்துக்கு வேண்டிய இலையைக் காணிகளே பயிரிடும் முயற்சி தடைப்பட்டது. இயற்கை வாழிடத்திற்கு வெளியே வளரும் செடியில் மருத்துவக் குணம் குறைவதாகக் கருதப்பட்டமையால் காட்டுநிழலிலேயே அதனை வளர்க்க வேண்டியிருந்தது. காட்டுச்செடிகள் அழியும் என அஞ்சிய வனத்துறை அதற்கு இசையவில்லை. அறிவுக்குப் பங்கு கிடைத்தது. அவ்வறிவு விளைந்த மண்ணில் உழைக்கும் உரிமை கிடைக்கவில்லை.

முடிவுரை

2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் பயிரிடும் நிலத்துக்கான உரிமையையும் மரபறிவின்மீதான சமுதாய உரிமையையும் ஒரே பிரிவில் வைத்துள்ளது. இவ்விரண்டையும் பிரித்ததன் விளைவை அகத்தியமலை முன்னரே காட்டிவிட்டது. காணிகளின் மருத்துவ அறிவைத் தொகுப்பதுடன் அவர்தம் வேளாண்மை வரலாற்றையும் இணைத்து ஆராய்தல் இன்றியமையாததாகும்.