ஊசி எழுதிய வரலாறு

வரலாறு கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மாணவர் அறிவர். அது துணியிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடிதம் எழுத உரிமை மறுக்கப்பட்ட கைகள் ஊசியை ஏந்தியதுண்டு. மைக்கு மாற்றாக நூல் பயன்பட்டதுண்டு. அவ்வாறு ஊசியால் எழுதப்பட்ட ஆவணங்கள் சில, சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில், இன்றைய தெம்பனிஸ் நகரை அடுத்துள்ள சாங்கியில் 1942ஆம் ஆண்டு தோன்றின. அவை அரசாணைகள் அல்ல. படைத்தலைவர்களின் நாட்குறிப்புகளும் அல்ல. துண்டுத் துணிகளைக் கையால் இணைத்துப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளே அவை.

வீட்டில் வளர்ந்த கலை

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது உலகின் பல பகுதிகளிலும் வழங்கும் பழைய வீட்டுக்கலை. உடுத்துப் பழகிய ஆடைகளில் நைந்து போகாத பகுதிகளை வெட்டி எடுத்து, ஓரங்களை மடித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, அடியில் வேறொரு துணியை வைத்து மூட்டுவர். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓடுதையலிட்டுச் செய்யும் விரிப்புக்குக் ‘காந்தா’ என்பது பெயர். தமிழில் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் அப்பெயரும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை என்பர். தமிழகத்துப் பாட்டிமாரும் பழைய நூற்சேலைகளை மடித்துத் தைத்துப் பேரக்குழந்தைக்கு விரித்தனர். சீனரிடையே பல வீடுகளிலிருந்து துண்டுத் துணி பெற்றுப் பிறந்த குழந்தைக்குப் போர்வை தைக்கும் வழக்கம் உண்டு; நூறு வீட்டாரின் வாழ்த்து அக்குழந்தையைச் சூழ்ந்திருக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. மலாய், பெரனாக்கான் குடும்பங்களிலும் பல வண்ணத் துண்டுகளை இணைக்கும் கைவேலை வழங்கி வந்தது. சிங்கப்பூரில் கூடிவாழும் இனங்கள் அனைத்துக்கும் இக்கலை பொதுச்சொத்து எனலாம்.

இக்கலைக்குப் பொருட்செலவு குறைவு, வேண்டுவது பொறுமை. நல்ல வெளிச்சம், ஓர் ஊசி, அவசரமில்லாத ஒரு மாலைப்பொழுது இவை போதும். விரித்த துணியின்மேல் வந்து படுத்துக்கொள்ளும் வீட்டுப் பூனையையும் சேர்த்துக் கூறலாம். உருளும் நூற்கண்டைக் கண்டால் அது சும்மா இராது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் நாள் நீங்கியது. உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாயிற்று. ஆகவே தெம்பனிஸ் அடுக்குமாடி வீடொன்றில் இன்று ஒருவர் அமர்ந்து ஒட்டுத்துணி தைத்தால், மடியருகே பூனை ஒன்று கண்மூடிக் கிடப்பது சட்டத்துக்கும் உடன்பாடான காட்சியே. அமைதியான இல்வாழ்க்கைக்கு இதனினும் எளிய ஓர் அடையாளம் காண்பது அரிது.

அந்த வீடும் வெளிச்சமும் அமைதியும் ஒருநாள் பறிக்கப்பட்டால் இக்கலை என்ன ஆகும்? இவ்வினாவுக்குச் சாங்கிச் சிறை விடை கூறுகிறது.

சிறை புகுந்த பெண்கள்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. இரண்டு நாட்களில் ஐரோப்பியக் குடிமக்கள் பாடாங் திடலில் கூட்டப்பட்டனர். ஆடவரும் பெண்டிரும் பிரிக்கப்பட்டுக் கிழக்குக் கடற்கரைப் பகுதி வீடுகளில் சில வாரம் வைக்கப்பட்டனர். மார்ச் மாதத்தில் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 400 பேர் காத்தோங் பகுதியிலிருந்து சாங்கிச் சிறைக்கு வெயிலில் நடந்தே சென்றனர். 1936இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறை 600 கைதிகளுக்கென அமைந்தது. ஆடவர் ஏறத்தாழ 2,000 பேரும் அதே சிறையின் மற்றப் பகுதிகளில் அடைக்கப்பட்டனர். போர்க்கைதிகளான படைவீரர்கள் சற்றுத் தொலைவில் சிலாரங் முதலிய படைமுகாம்களில் இருந்தனர்.

ஒரே சிறையில் இருந்தும் கணவனும் மனைவியும் பேசுதல் கூடாது. படைமுகாமில் இருப்போருக்குச் செய்தி அனுப்புதலும் கூடாது. மனைவி உயிரோடிருக்கிறாளா, அவள் ஏறிய கப்பல் மூழ்கியதா என்று அறியாத கணவர் பலர். கணவன் களத்தில் மாண்டானா, மருத்துவமனையில் கிடக்கிறானா என்று அறியாத மனைவியர் பலர். பசியினும் இந்த அறியாமையே கொடிதாயிற்று.

ஆறங்குலத் துணியில் ஒரு செய்தி

அந்நிலையில் எத்தெல் மல்வேனி என்னும் பெண்மணி ஒரு வழி கண்டார். அவர் கனடா நாட்டவர்; செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியாக முகாமில் தொண்டாற்றியவர். மருத்துவமனையில் காயமுற்றுக் கிடப்போருக்குப் போர்வை தைத்து அளிக்கலாம் என்பது அவர் திட்டம். விருப்பமுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏறத்தாழ ஆறங்குலச் சதுரத் துணி ஒன்று தரப்பட்டது. அதில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூத்தையலாகத் தைத்து, தம் பெயரையும் பொறிக்குமாறு அவர் வேண்டினார். மாவுப்பையும் படுக்கை விரிப்பும் பழைய ஆடையும் துணியாயின. கிழிந்த உடைகளைப் பிரித்தெடுத்த இழைகளும் நூலாயின.

இவ்வாறு மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் சதுரங்கள் 66. ஒன்று ஜப்பானிய வீரர்களுக்கு, ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. பகைவருக்கும் ஒன்று தைத்ததில் பரிவும் இருந்தது, மதிநுட்பமும் இருந்தது. காயமுற்ற ஜப்பானியருக்கும் போர்வை உண்டு என்றால், மற்ற இரண்டும் வெளியே செல்ல அதிகாரிகள் தடை சொல்லார் அன்றோ? அக்கணக்குப் பொய்க்கவில்லை. போர்வைகள் சிறையைக் கடந்து சென்றன.

அவற்றைப் பார்த்த காவலர் கண்ணுக்குப் பட்டவை பூக்களும் படங்களுமே. மருத்துவமனையில் இருந்தோர் கண்ணுக்குப் பட்டவை பெயர்கள். அப்பெயர்ப் பட்டியலில் தம் மனைவியின் பெயரைக் கண்ட கணவனுக்கு வேறு கடிதம் தேவைப்படவில்லை. அவள் இருக்கிறாள், ஊசி பிடிக்கும் அளவுக்கு உடலில் வலு இருக்கிறது, சிரிப்பையும் இழக்கவில்லை. இத்தனை செய்தியையும் ஒரு சிறு சதுரம் கூறிவிட்டது. ஏனெனில் சில பெண்கள் சிறை அறையையே நகைச்சுவையோடு தைத்திருந்தனர். சிலர் தாயகத்தின் வரைபடத்தைத் தைத்தனர். சிலர் வெற்றியைக் குறிக்கும் எழுத்தைத் துணிந்து பொறித்தனர். ஜப்பானியருக்கான போர்வையில் இத்தகைய சீண்டல்கள் இல்லை, பூக்களே மிகுதி. யாருக்கு எதனைச் சொல்லலாம் என்பதை அறிந்தே அப்பெண்கள் தைத்தனர்.

போர்வைகளின் பின்புறத்தில் அளிப்புரை எழுதப்பட்டது. அதில் ஆண்டு 2602 என்றிருக்கும். அது ஜப்பானியர் கணக்கு. ஆங்கில ஆண்டில் 1942. ஆண்டைக் கூட ஆள்வோர் கணக்கில் எழுத நேர்ந்த காலம் அது. ஆஸ்திரேலியப் போர்வையின் அளிப்புரையில், போர் முடிந்தபின் அதனை அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்ற விருப்பம் உள்ளது. உலர்சலவை செய்வதே நல்லது என்ற குறிப்பும் உள்ளது. குளிக்கவும் நீர் அளந்து தரப்பட்ட சிறையில் இருந்து, சலவைக் கடைகள் மீண்டும் திறக்கும் ஒரு காலத்தை எண்ணி எழுதிய வரி அது. போர் முடியும், உலகம் பழையபடி இயங்கும் என்ற நம்பிக்கையை இதைவிட எளிமையாகச் சொல்லிவிட முடியாது.

வரலாறு பயில்வோர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ‘ஆஸ்திரேலியப் போர்வை’ என்பதால் அதனைத் தைத்தோர் ஆஸ்திரேலியர் என்று கொள்ளுதல் பிழை. அப்பெயர் பெறுவோரைக் குறிப்பது, தைத்தோரைக் குறிப்பதன்று. பல நாட்டுப் பெண்களின் கைகள் மூன்று போர்வைகளிலும் கலந்துள்ளன. ஆவணத்தின் தலைப்பை மட்டும் படித்து முடிவு கட்டலாகாது என்பதற்கு இது நல்ல பாடம்.

சிறுமியர் தைத்த அறுகோணங்கள்

இம்மூன்றுக்கும் முன்மாதிரியாக இருந்தது சிறுமியர் தைத்த மற்றொரு போர்வை என்று கருதுவோர் உண்டு. முகாமில் எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி, 8 முதல் 16 வயது வரையுள்ள சிறுமியர் ஏறத்தாழ இருபதின்மரைச் சேர்த்துப் பெண் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அவர் இந்திய இராணுவத் தாதியர் பணியைச் சேர்ந்தவர். சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாள் முன்னரே மணம் முடித்தவர். கணவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த படைமருத்துவர், அவரும் போர்க்கைதியானார்.

வாரந்தோறும் சிறை முற்றத்தில் கூடிய அச்சிறுமியர், தங்கள் தலைவியின் பிறந்தநாளுக்கு அவர் அறியாமல் ஒரு போர்வை தைக்கத் தொடங்கினர். கந்தல் ஆடைகளிலிருந்து சிறு சிறு அறுகோணங்களை வெட்டினர். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என இணைத்தால் ஒரு பூவின் வடிவம் அமையும். ஆறு பக்கமும் பிசகின்றி அளவொத்து அமைந்தால்தான் துண்டுகள் சுருக்கமின்றிப் பொருந்தும். பயிற்சி பெற்ற பெரியோர்க்கும் இது கடினமான கைவேலை. காவலர் வரும்போது மறைத்தும், நூல் தீர்ந்தபோது உடையின் இழையை உருவியும் அவர்கள் தைத்தனர். பூக்களின் நடுவே தங்கள் பெயர்களைப் பொறித்தனர். சிறைக்குள் கணக்கும் ஒழுங்கும் ஒத்துழைப்பும் அவர்களுக்கு இவ்வாறும் கற்பிக்கப்பட்டன. ஆசிரியர் சமூகம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

1944 மே மாதத்தில் குடிமக்கள் சைம் ரோடு முகாமுக்கு மாற்றப்பட்டனர். 1945 செப்டம்பரில் விடுதலை வந்தது. சிறுமியரின் போர்வை இன்று இலண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் உள்ளது. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. பழைய சாங்கிச் சிறை 2004இல் இடிக்கப்பட்டது. அதன் வாயிற்கதவும் 180 மீட்டர் மதிலும் இரு காவற்கோபுரங்களும் மட்டும் 2016இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. கல்லால் எழுப்பிய சிறை பெரும்பகுதி மறைந்தது. கந்தல் துணியில் தைத்த பெயர்கள் மறையவில்லை.

தைக்கப்படாத பெயர்கள்

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுதல் இயல்பு. அதே ஆண்டுகளில், அதே ஆட்சியின்கீழ், தமிழர் பட்ட துயருக்கு இத்தகைய போர்வை எங்கே?

சாங்கியிலிருந்த போர்க்கைதிகளில் பலர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில்பாதை அமைக்க அனுப்பப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் வேலை செய்தனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டு, வரிசை பிறழாமல் நிற்கின்றன. அதே பாதையில் ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் உழைத்தனர். அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். போர்க்கைதிகளினும் பன்மடங்கு மிகுதியாக மாண்ட அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. தனிக் கல்லறையும் இல்லை. மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் புதினத்தில் அவர்தம் வாழ்வை எழுதினார். புதினம் துயரை உணர்த்தும். மாண்டவர் பெயரை அதனால் மீட்டுத் தர இயலாது.

சாங்கிப் பெண்களைவிடத் தோட்டத்துப் பெண்கள் கைத்திறத்திற் குறைந்தவர் அல்லர். கணவனை இழந்து தோட்டத்தில் தனித்து நின்ற தாய்மாரும் பழந்துணியைத் தைத்துத்தான் பிள்ளைகளைப் போர்த்தினர். ஆயின் அத்துணியில் பெயர் எழுதப்படவில்லை. எழுதக் கற்பிக்கப்பட்டோர் அவர்களுள் மிகச் சிலர். நைந்ததும் அது அடுப்பங்கரைத் துணியாயிற்று, பின்னர் குப்பையாயிற்று. அதனோடு ஒரு குடும்பத்தின் வரலாறும் போயிற்று. எழுத்தறிவு என்பது உத்தியோகத்துக்கான கல்வி மட்டுமன்று, தன் பெயரைக் காலத்தின்மேல் பொறிக்கும் ஆற்றலும் ஆகும் என்பதை இவ்விரு நிலைகளையும் ஒப்பிடுவோர் உணர்வர்.

இழந்த பெயர்கள் அனைத்தையும் மீட்டல் இயலாது. எனினும் எஞ்சியவற்றைக் காத்தல் இயலும். 1942இல் பத்து வயதுக் குழந்தையாயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அவர்களிடம் கேட்டறியும் காலம் மிகக் குறுகியது. வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய சேலை, தொட்டில் துணி, தாத்தா விட்டுச்சென்ற வேட்டி ஆகிய எதுவாயினும், அது யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஆண்டில் யார் உடுத்தியது என்று மாணவர் கேட்க வேண்டும். கேட்டதைத் தமிழில் எழுதி, பெயர்களை முழுமையாகக் குறித்து, அத்துணியோடு சேர்த்து வைக்க வேண்டும். சாங்கியின் மதிலுக்கு அண்மையிலுள்ள தெம்பனிஸ் பள்ளிகளிலேயே இப்பணி தொடங்கலாம். வரலாற்றுப் பாட வேளையில் ஒரு வாரம் இதற்கு ஒதுக்கும் ஆசிரியர், தம் வகுப்பில் எத்தனை மாணவரோ அத்தனை குடும்பங்களின் வரலாற்றைக் காத்தவர் ஆவார்.