கால்பந்து அரங்குகளில் புகைபிடித்தல் தடை (பிரித்தானியா)

பிரித்தானியக் கால்பந்துத் திடல்களின் பார்வையாளர் மாடங்களில் சிகரெட், சுருட்டு, பைப் ஆகியவற்றைப் பிடிப்பதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளையும், ரசிகர்கள் அவற்றை எதிர்கொண்ட விதத்தையும் இக்கட்டுரை கூறுகிறது. கட்டுப்பாடுகள் இரு கட்டங்களாக வந்தன. 1985-க்குப் பின் வந்தவை நெருப்புக்கு அஞ்சி வந்தவை. மர மாடங்களுக்கே உரியவை. 2006, 2007 ஆண்டுகளில் வந்தவை அருகில் இருப்பவரின் மூச்சைக் கருதி வந்தவை. அரங்கு முழுவதற்கும் பொருந்துபவை. இவ்விரண்டையும் ஒரே கதையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் முதலாவது ஒரு சாவு வீட்டின் மௌனத்தோடு ஏற்கப்பட்டது, இரண்டாவது நெடுநாள் வாதாடப்பட்டது என்ற வேறுபாட்டை மறக்கலாகாது.

தொடக்க காலம்

சனிக்கிழமை அரைநாள் விடுப்பு பரவலான பிறகு, ஆலையிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் நேரே திடலுக்கு வந்த தொழிலாளர்களே கால்பந்தின் முதல் பெருங்கூட்டம். பிரிஸ்டலைச் சேர்ந்த வில்ஸ் நிறுவனம் 1883-இல் சிகரெட் சுருட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 1888-இல் அது வெளியிட்ட உட்பைன், ஒரு பென்னிக்கு ஐந்து என்ற விலையில் கூலிக்காரரின் சட்டைப்பைக்குள் எளிதாக நுழைந்தது. 1890-களில் சிகரெட் பெட்டிகளுக்குள் விளையாட்டு வீரர்களின் வண்ணப்படம் அச்சிட்ட சிறு அட்டைகள் வரத் தொடங்கின. அப்பா புகைக்க, பிள்ளை அட்டை சேர்க்க, இரு தலைமுறைகளும் ஒரே பெட்டியைச் சுற்றியே நின்றன. பெரியவர்களிடம் அட்டை கேட்டுச் சிறுவர்கள் தெருவில் காத்திருந்த காலம் அது. இரண்டாம் உலகப் போரில் தாளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1940-இல் அந்த அட்டைகள் நின்றன.

1948-இல் பிரித்தானிய ஆண்களில் 82 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். புகைக்காதவர் என்று அறியப்பட்ட ஸ்டான்லி மேத்யூஸ்கூட கிரேவன் ஏ சிகரெட் விளம்பரத்தில் தோன்றினார். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-இல் எழுதிக் காட்டினர். அரச மருத்துவர் கல்லூரியின் அறிக்கை 1962-இல் வந்தது. தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் 1965-இல் நிறுத்தப்பட்டது. இவற்றில் எதுவும் திடலின் வாயிலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

மாடங்கள் தீப்பிடித்தது புதிதன்று. லீட்ஸ் அணியின் எல்லண்ட் ரோடு மேற்கு மாடம் 1956 செப்டம்பரில் ஓர் இரவில் எரிந்தது. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் திடலின் முதன்மை மாடம் 1968 ஆகஸ்ட் 24 அன்று ஆட்டம் நடக்கையிலேயே பற்றியது. முதலாவது நேர்ந்தபோது திடல் காலியாக இருந்தது. இரண்டாவதில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தும் உயிரிழப்பு இல்லை. அதனாலேயே இரண்டும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப்படாமல் போயின எனலாம்.

பிராட்ஃபோர்ட், 1985

இந்த வரலாற்றின் நடுப்பகுதி யார்க்ஷயரில் உள்ள பிராட்ஃபோர்ட் நகரின் வேலி பரேட் திடலில் நிகழ்ந்தது. பிராட்ஃபோர்ட் சிட்டி கிளப் 1908-இல் முதல் பிரிவுக்கு உயர்ந்ததையொட்டி அங்கே முதன்மை மாடம் எழுந்தது. திடல் சீரமைப்பு 1911-க்குள் முடிந்தது. அதன் வடிவமைப்பு ஆர்ச்சிபால்ட் லீச்சுடையது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மாடம் ஒரு மலைச்சரிவின் மேல் அமைந்திருந்தது. மரப்பலகைத் தளத்துக்கும் சரிவுக்கும் நடுவே வெற்றிடம். பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடுக்குகள். மேலே மரச்சட்டமும் தார்பூசிய கூரையும். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் கீழே போட்டதெல்லாம் அந்த இடுக்குகள் வழியே இறங்கி ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. தீக்குப் பிறகு அவ்விடத்தைக் கிளறியவர்கள் 1968 நவம்பர் 4 தேதியிட்ட உள்ளூர் நாளிதழ் ஒன்றை எடுத்தார்கள். 1971-இல் நாணயமுறை மாறுவதற்கு முந்தைய விலை அச்சிட்ட வேர்க்கடலை உறை ஒன்றும் கிடைத்தது. எந்த அறிக்கையின் சொற்களையும்விட அந்தக் கடலை உறை அங்கே நிலவிய அலட்சியத்தை நன்கு சொல்கிறது.

1971-இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் திடலில் நெரிசலில் 66 பேர் இறந்ததன் விளைவாக 1975-இல் அரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதன் சான்றிதழ் விதிகள் மேல்நிலைப் பிரிவு அணிகளின் திடல்களுக்கே நடைமுறையில் பொருந்தின. மூன்றாம் பிரிவில் ஆடிய பிராட்ஃபோர்ட் அதற்கு வெளியே நின்றது. 1984 ஜூலையில் மேற்கு யார்க்ஷயர் மாவட்ட மன்றம் கிளப்புக்கு எழுதிய கடிதம், கவனமின்றி எறியப்படும் ஒரு சிகரெட்டே தீவிபத்துக்குப் போதும் என்று எச்சரித்திருந்தது.

1985 மே 11 அன்று லிங்கன் சிட்டியுடன் பருவத்தின் கடைசி ஆட்டம். பிராட்ஃபோர்ட் மூன்றாம் பிரிவை வென்று மேலே போகிறது. ஆட்டத்துக்கு முன் கோப்பையும் தரப்பட்டது. 11,076 பேர் வந்திருந்தனர். மேற்பிரிவின் விதிகளுக்கேற்ப மாடத்தைப் புதுப்பிக்க வேண்டிய இரும்பு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. வேலை அடுத்த சில நாட்களில் தொடங்கவிருந்தது. முதல் பாதி முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் மாடத்தின் ஒரு கோடியில் தரைக்கடியிலிருந்து புகை வந்தது. தீயணைப்பான் தேடியோருக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. யாரேனும் எடுத்து விளையாடுவார்கள் என்று அவை அகற்றப்பட்டிருந்தன. காற்று தீயைக் கூரைக்கு ஏற்றியது. ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் மாடம் முழுவதும் எரிந்தது. முன்புறச் சுவர் ஏறித் திடலில் குதித்தவர்கள் பிழைத்தார்கள். வந்த வழியே பின்புறம் ஓடியவர்களில் பலர் பூட்டிய வாயில்களின் முன் மாண்டார்கள். 56 பேர் இறந்தனர், 265 பேர் காயமுற்றனர். இறந்தவர்களில் பாதிப்பேர் இருபது வயதுக்குக் குறைந்தவர்கள் அல்லது எழுபதைக் கடந்தவர்கள். சுவர் ஏறுவதற்கு அந்த வயதுகள் துணைசெய்யவில்லை. ஆட்டத்தைப் பதிவுசெய்ய வந்த யார்க்ஷயர் தொலைக்காட்சியின் கேமரா அனைத்தையும் படமெடுத்தது.

நீதிபதி ஆலிவர் பாப்பிள்வெல் தலைமையிலான விசாரணை, எரிந்துகொண்டிருந்த தீக்குச்சியோ சிகரெட்டோ பைப் புகையிலையோ பலகை இடுக்கில் விழுந்து குப்பையைப் பற்றவைத்தது என்ற முடிவுக்கு வந்தது. இவற்றுள் எது என்று அது அறுதியிடவில்லை. 2015-இல் ஓய்வுபெற்ற புலனாய்வு அதிகாரி ஒருவர், ஆஸ்திரேலியாவிலிருந்து உறவினரைப் பார்க்க வந்த முதியவர் ஒருவரின் சிகரெட்டே காரணம் என்று கூறினார். அதே ஆண்டில், பன்னிரண்டு வயதில் தன் தந்தை, தம்பி, மாமன், பாட்டன் ஆகியோரை அத்தீயில் இழந்த மார்ட்டின் ஃபிளெச்சர் எழுதிய நூல், கிளப்பின் அப்போதைய தலைவரோடு தொடர்புடைய இடங்களில் முன்னர் நேர்ந்த தீவிபத்துகளைச் சுட்டிக் கேள்வி எழுப்பியது. பாப்பிள்வெல் அதை ஏற்கவில்லை; தீ தற்செயலானதே என்பதில் உறுதியாக இருந்தார். புது விசாரணையும் நடக்கவில்லை. பெரும்பாலான நூல்கள் விசாரணையின் முடிவையே பின்பற்றுகின்றன.

விசாரணை அறிக்கை மர மாடங்களில் புகைக்கத் தடை வேண்டும் என்றது. புதிய மர மாடங்களும் கூடாது என்றது. 1987-இல் வந்த சட்டம், கூரையுடன் 500 பேரோ அதற்கு மேற்பட்டோரோ கொள்ளும் எந்த மாடத்துக்கும், அது எந்தப் பிரிவு அணியுடையதாயினும், பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. மர மாடங்களில் வந்த புகைத்தடையை எதிர்த்து ரசிகர்களிடமிருந்து குறிப்பிடத்தக்க குரல் எழவில்லை. அந்தப் படக்காட்சியை நாடே பார்த்திருந்தது. காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் டேவிட் ஷார்ப், தீப்புண் பட்ட கைகளைத் தாங்குவதற்கென ஒரு தொங்கல்பட்டையை உருவாக்கினார். பிராட்ஃபோர்டின் பெயரையே தாங்கிய அது பின்னர் உலகெங்கும் பயன்பட்டது. அவர் தொடங்கிய தீப்புண் ஆய்வுப் பிரிவு பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. கிளப்பின் ரசிகர்கள் அதற்கு ஆண்டுதோறும் நிதி திரட்டி வருகிறார்கள். மே 11 அன்று நகர மையத்தில் நினைவஞ்சலியும் நடக்கிறது. புகைத்தடை பற்றிய கட்டுரையில் இதற்கு இத்தனை இடமா என்று கேட்கலாம். ஒரு தடை எந்த நினைவின் மேல் நிற்கிறது என்பதும் அதன் வரலாறுதான்.

மதுக் கட்டுப்பாடு

இதே காலத்தில் வந்த மதுத்தடையை இதனோடு ஒப்பிடுவது வழக்கம். 1980 மே 10 அன்று ஸ்காட்லாந்துக் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் திடலிலேயே மோதிக்கொண்டதால் அந்நாட்டு அரங்குகளில் மது விலக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1985-இன் சட்டம் ஆட்டக்களம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்துவதைக் குற்றமாக்கியது. வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டமாகப் போகும் பேருந்திலும் சிறப்பு ரயிலிலும் மது கொண்டுபோவதையும் தடுத்தது. ரக்பி ரசிகரும் கிரிக்கெட் ரசிகரும் இருக்கையிலேயே பீர் குடிக்கலாம், கால்பந்து ரசிகர் மட்டும் கூடாது என்ற ஓரவஞ்சனைக் குறை அன்று தொடங்கி இன்றுவரை தீரவில்லை. புகைத்தடை எல்லாருக்கும் பொது என்பதால் அது இந்தக் கசப்பை அடையவில்லை.

2006-க்குப் பின்

ஹில்ஸ்பரோ திடலில் நெரிசலில் ரசிகர்கள் பலர் இறந்த துயரத்துக்குப் பின் 1990-இல் வந்த டெய்லர் அறிக்கை உயர்பிரிவுத் திடல்களை முழுவதும் இருக்கைகளாக மாற்றியது. நின்று பார்த்த காலத்தில் புகை பிடிக்காதவர் நாலடி தள்ளிப் போகலாம். எண்ணிட்ட இருக்கை வந்த பிறகு, பக்கத்து இருக்கைக்காரரின் புகையைத் தொண்ணூறு நிமிடமும் சுவாசிக்க வேண்டியதாயிற்று. சீசன் டிக்கெட் வைத்திருந்தால் ஆண்டு முழுவதும். பொதுவாகக் கவனிக்கப்படாத இந்த மாற்றமே பிந்திய தடைக்கு மாடங்களில் ஆதரவைத் தேடித்தந்தது என்று கருத இடமுண்டு.

மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு ஸ்காட்லாந்து 2006 மார்ச் 26 முதலும், வேல்ஸ் 2007 ஏப்ரல் 2 முதலும், வட அயர்லாந்து ஏப்ரல் 30 முதலும், இங்கிலாந்து ஜூலை 1 முதலும் தடை விதித்தன. இங்கிலாந்தின் விதிப்படி, கூரை இருந்து சுவர்ப்பரப்பில் பாதிக்கும் குறைவாகவே திறப்பு இருந்தால் அது பெரும்பகுதி மூடிய இடம். மாடத்துக்கு அடியிலுள்ள நடைவழிகளும் கழிப்பறைகளும் ஐயமின்றி இதற்குள் வந்தன. முன்புறம் முழுக்கத் திறந்த மாடம் வருமா என்பதில் வாதம் இருந்தது. கிளப்புகள் அந்த வாதத்துக்குக் காத்திராமல் தம் திடல் விதிகள் வழியே அரங்கு முழுவதையும் புகையற்றதாக்கின. ஆகவே இருக்கையில் புகைத்தவரைத் தடுத்தது பல இடங்களில் நாட்டின் சட்டமன்று, டிக்கெட்டின் நிபந்தனை.

ரசிகர்களின் எதிர்ப்பு இங்கேதான் பிடித்துக்கொண்டது. மேலே வானம் தெரிகிறது, மழை தோளில் விழுகிறது, இது எப்படி மூடிய இடம் என்றார்கள். வெளியே போனால் மீண்டும் உள்ளே விடமாட்டார்கள் என்ற விதி அவர்களை இன்னும் நெருக்கியது. பதினைந்து நிமிட இடைவேளையில் கழிப்பறைகள் புகைக்கூடங்களாயின. மாடத்தின் திறந்த வெளியிலிருந்து விலக்கப்பட்ட புகை காற்றோட்டமே இல்லாத அறைக்குள் சேர்ந்தது. புகைக்காதவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளை அழைத்து வந்தவர்கள், இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். சிறிய கிளப்புகள் சில இடைவேளையில் வாயிலைத் திறந்துவிட்டுப் புகைப்போரை வெளியே போய்வர அனுமதித்தன. இந்த எளிய ஏற்பாட்டைச் செய்யப் பெரிய கிளப்புகள் பாதுகாப்பைக் காரணங்காட்டித் தயங்கியது வருந்தத்தக்கது. என்றாலும் மதுத்தடைக்கு நேர்ந்ததுபோல் நீங்காத பகை இதற்கு நேரவில்லை. புகைப்போரின் தொகையும் அதற்குள் வெகுவாகக் குறைந்திருந்தது.

பிற நாடுகள்

2002 உலகக்கோப்பை புகையற்ற முதல் உலகக்கோப்பையாக உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து அறிவிக்கப்பட்டது. 2012 ஐரோப்பியக் கோப்பையில் முழுத்தடை இருந்தது. ஸ்பெயினில் 2011 முதல் நடைமுறையான கடுமையான சட்டம் திறந்தவெளி அரங்குகளைத் தொடவில்லை. பார்சிலோனா கிளப் தன் கேம்ப் நூ அரங்கில் 2012 முதல் தானே தடை விதித்தது. அந்த ஊருக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். நாளுக்கு இருபது சிகரெட் பிடித்த பயிற்சியாளர் யோஹன் கிரைஃப், 1991-இல் இதய அறுவைக்குப் பின் அதைக் கைவிட்டார். காட்டலோனிய அரசின் விளம்பரத்தில் சிகரெட் பெட்டியொன்றைப் பந்துபோலக் காலால் தட்டித் தட்டிக் கடைசியில் உதைத்துத் தள்ளினார். பிறகு ஆட்டந்தோறும் வாயில் குச்சிமிட்டாயுடன் அமர்ந்திருந்தார். 2016-இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். ஜெர்மனியின் பல அரங்குகளில் புகைப்பது நெடுங்காலம் தொடர்ந்தது.

இந்தியாவில் 1996 உலகக்கோப்பைக் கிரிக்கெட் வில்ஸ் பெயரிலேயே நடந்தது. சென்னை சேப்பாக்கத்தில் நடந்த ஆஸ்திரேலியா–நியூசிலாந்து காலிறுதியும் அதில் ஒன்று. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த பொது இடப் புகைத்தடை விதிகள் விளையாட்டு அரங்கையும் பெயர் சொல்லிச் சேர்த்தன.

அண்மைக் காலம்

மின்சிகரெட் பரவியபின் பல பிரித்தானியக் கிளப்புகள் அதையும் திடல் விதிகளில் சேர்த்துத் தடுத்தன. 2024 ஆகஸ்டில், அரங்கு வாயிலுக்கு வெளியேயும் புகைக்கத் தடை வரலாம் என்ற செய்தி கசிந்தது. நவம்பரில் புகையிலை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது பள்ளிகள், மருத்துவமனைகள், சிறுவர் விளையாட்டிடங்கள் ஆகியவற்றின் வெளிப்புறமே முன்வைக்கப்பட்டது.