மீரியபெத்தவும் முகமறியா அன்பரும்

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்திலே, அப்புத்தளை மலைப்பகுதியிலிருந்து வெல்லவாயாவை நோக்கி இறங்கும் வழியில் கொஸ்லந்தை என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வழியே செல்வோர் தியலுமை நீர்வீழ்ச்சியைச் சற்று நின்று பார்த்துச் செல்வது வழக்கம். அந்த மலைச்சரிவுகளில் அமைந்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றே மீரியபெத்த. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் தேதிவரை, அப்பெயரை நாட்டில் அறிந்தவர் மிகச் சிலரே.

அன்று புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. பல நாள் பெய்த மழையால் மலை நீரில் ஊறிக் கிடந்தது. காலை ஏழு மணியைக் கடந்த வேளையில், தோட்டத்து மக்களுட் சிலர் வேலைக்கும், பிள்ளைகளுட் பலர் பாடசாலைக்கும் புறப்பட்டுப் போயிருந்தனர். அந்நேரத்தில் மேற்சரிவு பிளந்து, மண்ணும் பாறையும் சேறுமாய் இறங்கி, லயங்களை மூடிவிட்டது. பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் உயிர் தப்பினர். ஆயின், அவர்களுட் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மாண்டோர் எத்தனை பேர் என்பது உடனே தெரியவில்லை. நூற்றுக்கணக்கானோர் என்று முதலில் அஞ்சப்பட்டது. பின்னர் அவ்வெண் குறைந்தது. புதையுண்டவர் பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை.

அந்த முதல் மணி நேரங்களில், கைக்கு அகப்பட்ட மண்வெட்டியோடும், அதுவும் இல்லாதபோது வெறுங்கையோடும் சேற்றைத் தோண்டியவர்கள் அயலில் வாழ்ந்த மக்களே. இராணுவத்தினர் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தபின், மழை ஓயாத அச்சரிவிலே, மேலும் மண் இறங்கக்கூடும் என்ற அச்சத்தின் நடுவே தேடுதல் நடந்தது. புதைந்து கிடந்தோர் தமிழ்த் தொழிலாளர். தோண்டியவருட் பெரும்பாலோர் சிங்கள இளைஞர். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டில் இக்காட்சியைக் கண்டவர் எளிதில் மறந்திருக்கமாட்டார்.

கொஸ்லந்தை, பூணாகலை ஆகிய இடங்களின் பாடசாலைகள் இடம்பெயர்ந்தோருக்குத் திறந்துவிடப்பட்டன. பாடம் நடந்த அறைகளில் பாய்கள் விரிக்கப்பட்டன. அரிசியும் மாவும் உடுதுணியும் பாற்பொடியும் நாட்டின் பல திசைகளிலிருந்தும் வந்தன. வடக்கு மக்களும் தம்மால் இயன்றதைத் திரட்டி அனுப்பினர். நலன்புரி முகாமில் வரிசையில் நின்று உணவு வாங்குவது எத்தகையது என்பதை அவர்கள் 2009 இல் தாமே அறிந்தவர்கள். அனுப்பியவர் முகத்தைப் பெற்றவர் கண்டதில்லை. பெற்றவர் பெயரை அனுப்பியவர் கேட்டதுமில்லை.

வடக்கின் இவ்வுதவிக்குப் பின்னே ஒரு பழைய உறவும் உண்டு. 1977 ஆம் ஆண்டின் வன்செயலில் தோட்டங்களை விட்டு ஓடிய மலைநாட்டுத் தமிழருட் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிலே காடு வெட்டிக் குடியேறினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வன்னியில் வாழ்கின்றனர். 1983 யூலையில் பதுளை நகரிலேயே கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்நாட்களில் நாட்டின் பல ஊர்களிலும், அயலாரான தமிழரைத் தம் வீட்டிற்குள் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் உண்டு. கொடுமை செய்தவர் கூட்டமாய் வந்தனர். காத்தவரோ தனித்தனியே, தம் உயிருக்கும் ஆபத்து உண்டென்று அறிந்தே காத்தனர்.

இத்தகைய சிறு செயல்களைச் சரித்திரம் பெரும்பாலும் எழுதிவைப்பதில்லை. 1820 களுக்குப் பின் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் பேதியாலும் வழியிலே மாண்டவர் அனேகர். ஏற்றுமதியான கோப்பியின் அளவைக் கணக்கேடுகளில் காணலாம். விழுந்து கிடந்தவனுக்குத் தண்ணீர் வார்த்தவர் யார் என்பதை எந்த ஏட்டிலும் காண்பதற்கில்லை. ஆயினும், அப்படி எவரேனும் வார்த்திராவிட்டால், நடந்தவருள் இன்னும் பலர் மலையை எட்டியிருக்கமாட்டார்.

எனினும், மீரியபெத்தவின் கதையை இரக்கத்தின் கதையாக மட்டும் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. அச்சரிவு ஆபத்தானது என்றும், மக்கள் அங்கிருந்து அகலவேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும், மீண்டும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆனால், அகன்று போவதற்கு அவர்களுக்கு இடம் ஏது? லயத்துக் காம்பரா தோட்டத்துக்குரியது. காலடி மண்ணும் தோட்டத்துக்குரியது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட சமூகம் அது. எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. தோட்ட மக்களிற் பெரும்பாலோருக்குச் சொந்தமாய் ஒரு துண்டு நிலம் அதன் பின்னரும் கிட்டவில்லை. எச்சரிக்கையைக் கேட்டவன் மூட்டையைக் கட்டினாலும், அதை இறக்கிவைக்க ஒரு திண்ணை வேண்டுமன்றோ?

உயிர் தப்பிய குடும்பங்கள் பல, பூணாகலைப் பகுதியில் இயங்காது கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் தங்கவைக்கப்பட்டன. தடுப்புக்களால் பிரித்த சிறு இடங்களில் அவர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தனர். 2016 ஆம் ஆண்டிலேயே 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. முகமறியா அன்பர் அனுப்பிய அரிசி சில நாட்களில் வந்து சேர்ந்தது. கடமைப்பட்டவர் கொடுக்கவேண்டிய வீடு வருவதற்கு இரண்டு மழைக்காலங்கள் கடந்தன.

அந்தக் காலையில் சேற்றில் இறங்கியவருள் எவருக்கும் அத்தோட்டத்தின்மேல் சட்டப்படியான பொறுப்பு ஒன்றும் இருக்கவில்லை. யாரோ ஒருவர் மூச்சுத் திணறிக் கிடக்கக்கூடும் என்ற எண்ணம் ஒன்றே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. அவர்களை நன்றியுடன் நினைப்பது நம் கடன். ஊவாவின் மலைச்சரிவுகளில் ஒவ்வோர் ஆண்டும் மழை பெய்கிறது. லயங்களில் இன்னமும் மக்கள் உறங்குகின்றனர். அவர்களுக்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் வழங்கப்படுமாயின், அடுத்த மழைக்காலத்தில் மண்வெட்டியோடு ஓடிவர வேண்டிய தேவை எவருக்கும் நேராது.