சொலிசிட்டர் அலுவலகக் கதவு

சென்ற மாதம் புரோத்ராபூரிலிருந்து என் சித்தி மகன் ஒரு விண்ணப்பத்தை அனுப்பிப் பிழை பார்த்துத் தரும்படி கேட்டிருந்தான். சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறான். பெருநகரம் ஒன்றில் இயங்கும் வணிகச் சட்ட நிறுவனம் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது, அதற்கான மனு. மதிப்பெண்களை எழுதியிருந்தான். 'எங்கள் நிறுவனத்தை ஏன் தெரிவு செய்தீர்கள்' என்ற கேள்விக்கும் அரைப் பக்கம் எழுதியிருந்தான். ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. விண்ணப்பதாரரை நன்கறிந்த, சட்டத்துறை சார்ந்த இருவரின் பெயரை அதில் குறிக்க வேண்டும். "அக்கா, இதுல யாரை எழுதுறது?" என்று கீழே ஒரு வரி.

புரோத்ராபூர் தெற்கு அந்தமானில் போர்ட் பிளேரை ஒட்டிய ஊர். தீவின் மாவட்டச் சிறைச்சாலை அங்கே இருப்பதால் செய்திகளில் அவ்வப்போது அதன் பெயர் அடிபடும். எங்கள் உறவில் கொத்தனார் உண்டு, கப்பலில் வேலை பார்த்தவர் உண்டு, தபால் அலுவலக ஊழியர் உண்டு. வழக்கறிஞர் ஒருவரும் இல்லை. பிழை திருத்துவதற்கு மொழியியல் படித்தவள் போதும். அந்தக் கட்டத்தை நிரப்ப அந்தப் படிப்பு உதவாது. ஆனால் அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடலாம். தேடியதில், அதற்கு ஏறத்தாழ முந்நூறு வயது என்று தெரிந்தது.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன்; எனக்குத் தெரிந்த வழி அதுதான். சொலிசிட்டரிடம் தொழில் பழகுபவரை ஆங்கிலேயர் நெடுங்காலம் 'ஆர்ட்டிகிள்டு கிளார்க்' என்றனர். பழகுபவருக்கும் பழக்குபவருக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் பிரிவுகளே 'ஆர்ட்டிகிள்'. சிறு மூட்டு அல்லது கணு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கில இலக்கணத்தில் பெயருக்கு முன் நிற்கும் சுட்டிடைச் சொற்களுக்கும் அதே பெயர்தான். தமிழ்நாட்டில் இன்று இச்சொல் வக்கீல் அலுவலகங்களில் வழங்குவதில்லை. ஆடிட்டர் அலுவலகங்களில் வாழ்கிறது. பட்டயக் கணக்கர் படிப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் "ஆர்ட்டிகிள்ஷிப் பண்றேன்" என்று சொல்வதைக் கேட்கலாம்.

1729இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அட்டர்னி அல்லது சொலிசிட்டர் ஆக விரும்புபவர் ஏற்கெனவே தொழில் செய்யும் ஒருவரிடம் ஐந்தாண்டு ஒப்பந்தப் பயிற்சி பெற வேண்டும் என்று விதித்தது. நோக்கம் நல்லதுதான், பயிற்சியற்ற போலிகளை அகற்றுவது. ஆனால் பயிற்சி தருபவர் பையனை ஏற்க வேண்டுமே? ஏற்பதற்கு 'பிரீமியம்' என்ற பெயரில் ஒரு தொகை கேட்டார். பின்னாளில் பிரதமரான டிஸ்ரேலி 1821இல் இலண்டன் சொலிசிட்டர் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தபோது அவர் தந்தை கட்டியது 400 கினி. இதற்கு மேல் அரசாங்கம் ஒப்பந்தப் பத்திரத்துக்கே முத்திரைத் தீர்வை வசூலித்தது. 1853க்குப் பிறகு அது 80 பவுண்டு. அந்தத் தீர்வை 1947இல்தான் ஒழிந்தது. நம் நாடு விடுதலை பெற்ற ஆண்டு வரை, ஓர் ஆங்கிலேய ஏழைப் பிள்ளை சொலிசிட்டர் அலுவலகத்தில் பயில வேண்டுமானால் முதல் நாளே அரசுக்கு 80 பவுண்டு கட்டியாக வேண்டும். இதற்கெல்லாம் தகுதித் தேர்வு என்ற பெயரை யாரும் சூட்டவில்லை. ஆயினும் பெரும்பாலானோர் வடிகட்டப்பட்டது அந்த இடத்தில்தான்.

இம்முறை கம்பெனியாரோடு கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. 1801இல் இங்கே உச்ச நீதிமன்றம் நிறுவப்பட்டது. 1862இல் அதுவும் சதர் அதாலத்தும் இணைந்து உயர் நீதிமன்றமாயின. இணைந்தபோது மூவகைத் தொழிலாளர் ஒரே கூரையின் கீழ் வந்தனர். இலண்டனில் பட்டம் பெற்ற பாரிஸ்டர் வழக்காடுவார். அட்டர்னி கட்சிக்காரரைச் சந்தித்துப் பத்திரம் எழுதி, பாரிஸ்டரிடம் வழக்கை ஒப்படைப்பார். மூன்றாமவர் வக்கீல், அதாலத்து மரபின் வாரிசு. 'வக்கீல்' என்ற அரபுச் சொல்லுக்கும் 'அட்டர்னி' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே: பிறர் சார்பாக நியமிக்கப்பட்டவர். பொருள் ஒன்றாயினும் நுழைவாயில் வேறு. அட்டர்னி ஆவதற்கு ஓர் அட்டர்னி கையெழுத்திட வேண்டும். வக்கீலாகவோ பிளீடராகவோ ஆவதற்குத் தேர்வில் தேற வேண்டும்.

தமிழர்கள் எந்த வாயில் வழியாகத் திரளாக நுழைந்தார்கள் என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். வ. உ. சிதம்பரம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தாலுகா அலுவலகத்தில் சிலகாலம் எழுத்தராக இருந்தவர். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். மகனைத் திருச்சிக்கு அனுப்பிப் பிளீடர் தேர்வுக்குப் படிக்க வைத்தார். தேறி, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். பத்தாண்டு கழித்து அவர் செய்த காரியம், இன்றைய வணிகச் சட்ட நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் காரியந்தான்: பங்கு திரட்டி ஒரு கூட்டுப் பங்கு நிறுவனத்தைப் பதிவு செய்வது. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. எந்த ஐரோப்பிய அட்டர்னியிடமும் கைகட்டி ஐந்தாண்டு நிற்காத ஒருவர் அதைச் செய்தார்.

1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். 'தீவாந்தரம்' என்று அக்காலத் தமிழ் அதைச் சொன்னது. வேறொரு தீவு என்பதே சொற்பொருள்; மக்கள் வழக்கில் அந்தமான் என்று பொருள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையிருந்து 1912இல் அவர் வெளிவந்தார். தீவுக்கு அவர் வரவேயில்லை. ஆனால் வக்கீல் சன்னது பறிபோயிற்று. தேர்வெழுதிப் பெற்ற உரிமை அது. திரும்பப் பெறுவதற்குத் தேர்வு உதவவில்லை. 1920களில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி முன்வந்து உதவியதால் கிடைத்தது. நன்றியாகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். இந்தச் செய்தியைப் பலரும் நெகிழ்ச்சியோடு எழுதுவார்கள். எனக்கு அதில் நெகிழ்ச்சியைவிட எரிச்சலே மிகுதி. அவ்வளவு பெரிய மனிதருக்கும் கடைசியில் தேவைப்பட்டது, தம்மை அறிந்த ஒருவரின் சொல்.

தேர்விலும் படிகள் இருந்தன. ஆந்திர கேசரி பிரகாசம் முதலில் இரண்டாம் நிலைப் பிளீடர். ராஜமுந்திரியில் நன்றாகச் சம்பாதித்தார். உயர் நீதிமன்றத்தில் நிற்க அந்தத் தகுதி போதாது. ஆகவே இலண்டன் சென்று பாரிஸ்டராகி 1907இல் சென்னைக்கு வந்தார். பாரிமுனையிலுள்ள பிராட்வேயின் பழைய பெயர் போபாம் பிராட்வே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் வாழ்ந்த ஸ்டீபன் போபாம் என்ற ஆங்கிலேயச் சட்ட வல்லுநரின் பெயரால் வந்தது. இன்று அதன் பெயர் பிரகாசம் சாலை. உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்ப்பது என் வழக்கம்.

சென்னையில் அட்டர்னிகளின் பிடி விரைவில் தளர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கல்கத்தாவிலும் பம்பாயிலும் உயர் நீதிமன்றத்தின் முதலேற்பு வழக்குகளில் அட்டர்னி வழியாகவே பாரிஸ்டரை அணுக வேண்டும். பெருவணிகத் தகராறுகள் வருவது அங்கேதான். சென்னையில் வக்கீல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்தப் பக்கத்திலும் வழக்கை நடத்தவும் வாதாடவும் உரிமை பெற்றுவிட்டனர். இடையில் ஒருவர் தேவையில்லாமல் போயிற்று. ஆகவேதான் 'சொலிசிட்டர்' என்ற சொல் மும்பையில் இன்றும் மதிப்போடு ஒலிக்கிறது. சென்னையில் சொன்னால் விளக்கம் கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலோ வேறுபாடு மொழியிலேயே பதிந்து கிடந்தது. வாதாடுபவர் அப்புக்காத்து, பத்திர வேலை பார்ப்பவர் பிறக்கிறாசி, உறுதி எழுதுபவர் நொத்தாரிசு. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் முதலிருவரையும் ஒன்றாக்கிற்று. சொற்கள் மட்டும் கிழவர் வாயில் மேலும் சில காலம் இருந்தன.

இதை வைத்துக்கொண்டு, சென்னையில் தேர்வு அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று முடித்துவிடக் கூடாது. பி. எல். தேறியபின் ஒரு மூத்த வக்கீலிடம் 'அப்ரெண்டிஸ்' ஆக இருக்க வேண்டும். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பி. ஆர். சுந்தரம் ஐயரிடம் பயின்றார், வி. கிருஷ்ணசாமி ஐயர் ஆர். பாலாஜி ராவிடம். பின்னாளில் அல்லாடி அரசியலமைப்பு வரைவுக் குழுவில் அமர்ந்தார். பயிற்சியின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. குறை வேறிடத்தில். மூத்தவரின் மயிலாப்பூர் வீட்டு மாடியில், சட்டப் புத்தக அடுக்குகளுக்கு நடுவே, யாருக்கு நாற்காலி போடப்படும்? வினாத்தாள் சாதி கேட்கவில்லை. மாடிப்படி கேட்டது.

இக்கதவின் முழு உருவமும் தெரிவது ஜோகன்னஸ்பர்க்கில். 1903இல் காந்தி டிரான்ஸ்வாலில் அட்டர்னியாகப் பதிவு செய்துகொண்டார். வழக்கமாகத் தமிழில் காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்வு சத்தியாக்கிரகமாகவே எழுதப்படுகிறது. அவர் ஓர் அலுவலகம் நடத்தினார், சம்பளம் கொடுத்தார், ஒப்பந்தப் பயிற்சியாளர்களை எடுத்தார் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. வணிக நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்த ரிட்சும், பத்திரிகையாளரான போலக்கும் அவரிடம் ஆர்ட்டிகிள் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள். இருவரும் அவருடைய நண்பர்கள். விளம்பரமோ நேர்காணலோ இல்லை. அவரும் அக்காலத்து வழக்கப்படியே அறிந்தவர்களைத்தான் எடுத்தார்.

1909இல் ஒரு படி மேலே போனார். தம் அலுவலகத்தைத் தாங்கி நின்ற செயலாளர் சோன்யா ஷ்லேசினை ஒப்பந்தப் பயிற்சியாளராகப் பதிய அனுமதி கேட்டு டிரான்ஸ்வால் சட்டச் சங்கத்துக்கு எழுதினார். பெண்ணைப் பயிற்சிக்கு ஏற்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் முன்மாதிரி இல்லை, சட்டம் அப்படி எண்ணியதுமில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஆசிரியர் தயார், மாணவி தயார், வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. இடையில் நின்றது பதிவேடு. இங்கிலாந்திலும் அதே நிலைதான். அங்கே முதற்பெண் சொலிசிட்டரான கேரி மாரிசன் பதிவு பெற்றது 1922இல். இந்தியாவில் பெண் என்ற காரணத்தால் விலக்கக் கூடாதென்ற சட்டம் 1923இல் வந்தது.

அதே ஜோகன்னஸ்பர்க்கில் முப்பதாண்டு கழித்து நெல்சன் மண்டேலா ஒரு வெள்ளையர் சட்ட நிறுவனத்தில் ஆர்ட்டிகிள் பெற்றார். வால்டர் சிசுலு நிலத் தரகுத் தொழில் செய்தவர். அந்த நிறுவனத்துக்கு வேலை கொண்டுவந்தவர். அவர் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தினார். கறுப்பின இளைஞரை எடுக்க நகரில் அநேகமாக எந்த அலுவலகமும் முன்வராத காலம். இங்கே அறிமுகம் என்பது அடைத்த கதவை உடைக்கும் கருவியாகவும் இருந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தம்பியிடம் அந்தக் கட்டத்தை வெறுக்காதே என்று சொல்ல நேர்ந்தது இதனால்தான்.

பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் எல்லாரையும் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. கல்கத்தா, பம்பாய் அட்டர்னிகளை மட்டும் விட்டுவைத்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களையும் முடித்தது. மும்பையிலுள்ள சட்டச் சங்கம் இன்றும் தன் விருப்பத்தில் சொலிசிட்டர் தேர்வு நடத்துகிறது. 1995இல் பார் கவுன்சில் புதிய வழக்கறிஞர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை நீக்கியது. கவுன்சிலுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பு. இங்கிலாந்தில் 'ஆர்ட்டிகிள்டு கிளார்க்' 1990இல் 'டிரெய்னி சொலிசிட்டர்' ஆனார். 2021இல் பொதுத் தேர்வு முறை வந்தது.

நம் நாட்டில் ஆர்ட்டிகிளின் இடத்தை இப்போது இன்டர்ன்ஷிப் பிடித்துவிட்டது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் குறைந்தது 20 வாரம் கட்டாயம். எங்கே செய்தாய் என்பதே பின்னர் வேலையைத் தீர்மானிக்கிறது. 400 கினி பிரீமியத்தை யாரும் கேட்பதில்லை. பெருநகரில் ஊதியமின்றி இரண்டு மாதம் தங்குவதற்கான வாடகையும், அங்கே போவதற்கான கட்டணமும் கேட்கப்படுகின்றன. அந்தமானுக்கு உயர் நீதிமன்றம் கல்கத்தாதான். 1953ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஆக்கியது. அதன் சுற்றமர்வு போர்ட் பிளேரில் நடக்கிறது. சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். பள்ளி விடுமுறைக்குச் சென்று திரும்பிய எங்களுக்கு அந்த மூன்று நாள் அடித்தள அறையின் எண்ணெய் வாடையோடு நன்றாகத் தெரியும். விண்ணப்பத்தில் அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

கடைசியில் அவனே முடிவு செய்தான். முதற்பெயராகக் கல்லூரிப் பேராசிரியரை எழுதினான். இரண்டாவதாக, போர்ட் பிளேர் நீதிமன்றத்துக்கு வெளியே நெடுங்காலமாக மனு எழுதித் தரும் ஒரு பெரியவரை. இரண்டு கோடை விடுமுறை அவரிடம் உட்கார்ந்து தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் வருபவர்களின் வழக்கைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருக்கிறான். 'உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். "பிரின்சிபல்" என்று எழுதச் சொன்னேன். பயிற்சி தருபவருக்குப் பழைய ஒப்பந்தங்களில் அதுதான் சொல். அவர் கல்லூரி முதல்வர் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று சிரித்தான். பிறகு அதை அடித்துவிட்டு 'தொழில் கற்பித்தவர்' என்று எழுதி அனுப்பியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.